வெளிநாட்டுக் காட்டில் ஆய்வேடு: தருமபுரி, கிருஷ்ணகிரி மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

விலங்கியல், தாவரவியல், சுற்றுச்சூழல் அறிவியல் என்று முதுகலை படிக்கும் நம் பகுதிப் பிள்ளைகள் இப்போதெல்லாம் ஒரு ஆசையோடு வருகிறார்கள். வெளிநாட்டில் காட்டுயிர்ப் பாதுகாப்புக் குழு ஒன்றோடு சில வாரம் தங்கி, அங்கே சேகரித்த தகவலை வைத்தே கடைசிப் பருவப் புராஜெக்டை எழுத வேண்டும் என்பது அந்த ஆசை. நல்ல ஆசைதான். ஆனால் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு முதலில் நாட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அப்புறம் பணம் தேடுகிறார்கள், ஆய்வுக் கேள்வியைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். இந்தப் பாடத்தைக் கற்பிப்பவன் என்ற முறையில், மாணவர்களும் பெற்றோரும் என்னிடம் கேட்டவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே தருகிறேன்.

இந்தப் பயணம் சுற்றுலாவா, ஆராய்ச்சியா?

ஒரு அமைப்போ பல்கலைக்கழகமோ ஒரே காட்டிலோ ஒரே பவளப்பாறையிலோ ஆண்டுதோறும் கணக்கெடுப்பு நடத்துகிறது. அதற்கு ஆளும் வேண்டும், பணமும் வேண்டும். மாணவர்கள் கட்டணம் கட்டிச் சேர்ந்து வேலையும் செய்கிறார்கள். எர்த்வாட்ச் என்ற அமைப்பு 1971-லிருந்து இப்படித் தன்னார்வலர்களை விஞ்ஞானிகளோடு சேர்த்து அனுப்பிவருகிறது. பிரிட்டனைச் சேர்ந்த ஆபரேஷன் வாலேசியா 1995-இல் இந்தோனேசியாவின் சுலாவெசிப் பகுதியில் தொடங்கியது. அங்கே புட்டன் தீவுக் காடுகளிலும் ஹோகா தீவின் பவளப்பாறைகளிலும் மாணவர்கள் ஆய்வேட்டுக்கான வேலை செய்திருக்கிறார்கள். கட்டணப் பயணமாக இல்லாமல் ஆய்வு நிலையமாகவே இயங்கும் இடங்களும் உண்டு. மலேசியாவின் சபா மாநிலத்தில் கினபாத்தாங்கான் ஆற்றங்கரையில் உள்ள டனாவ் கிராங் நிலையம் அப்படிப்பட்டது. சபா வனவிலங்குத் துறையும் கார்டிஃப் பல்கலைக்கழகமும் சேர்ந்து அதை நடத்துகின்றன.

ஒரே முகாமில் இரண்டு வகையான மாணவர்கள் இருப்பார்கள். பொதுத் தன்னார்வலராகப் போகிறவர் இந்த வாரம் பறவை, அடுத்த வாரம் தவளை என்று எல்லா வேலையிலும் கை வைத்துவிட்டு வருவார். ஆய்வேட்டு மாணவர் ஆறு முதல் எட்டு வாரம் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு, தினமும் அதே பாதையில் நடப்பார். விண்ணப்பிக்கும்போது எந்த வகையில் சேர்கிறீர்கள் என்று தெளிவாகக் கேளுங்கள். இரண்டு வார தன்னார்வப் பயணத்தை வைத்து முதுகலை ஆய்வேடு எழுத முடியாது.

நம் பருவ அட்டவணைக்கு இது ஒத்துவருமா?

பிடிக்கிற மாதிரிப் பிடித்தால் ஒத்துவரும். இந்தப் பயணங்களில் பெரும்பாலானவை மேலை நாட்டுக் கல்லூரி விடுமுறையை ஒட்டி ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை நடக்கும். கென்யாவுக்கும் மடகாஸ்கருக்கும் அது வறண்ட காலம், இந்தோனேசியாவின் பல பகுதிகளுக்கும் அப்படித்தான், அதனால் களவேலைக்கு வசதி. நமக்கு முதுகலைப் புராஜெக்ட் நான்காம் பருவத்தில் வருகிறது. அதுவரை காத்திருந்தால் பயணக் காலமும் நம் பருவமும் சேராது. முதலாண்டுத் தேர்வு முடிந்த விடுமுறையில் களவேலையை முடித்துவிட்டு, அந்தத் தகவலை நான்காம் பருவத்தில் எழுதுவதுதான் வழி. மூன்றாம் பருவத்தின் முதல் சில வாரங்கள் கல்லூரிக்கு வர முடியாமல் போகும். வருகைப்பதிவுக்குத் துறைத்தலைவரிடமும் முதல்வரிடமும் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். "சொல்லிட்டேன் சார், சரின்னாங்க" என்பது ஹால் டிக்கெட் சமயத்தில் செல்லாது.

கைடும் முதலிலேயே சம்மதிக்க வேண்டும். வெளிநாட்டில் ஒரு கள வழிகாட்டி இருப்பார். ஆனால் கையெழுத்துப் போடுவதும் வைவாவில் உங்கள் பக்கத்தில் உட்காருவதும் நம் கல்லூரி ஆசிரியர்தான். அந்த இருவருக்கும் இடையே ஒரு மின்னஞ்சல் தொடர்பையாவது பயணத்துக்கு முன்பே ஏற்படுத்திவிடுங்கள்.

எந்த நாட்டுக்குப் போகலாம்?

கேள்வியை முடிவு செய்த பிறகு கேளுங்கள்.

சரி, கேள்வியை எப்படி முடிவு செய்வது?

இங்கேதான் நம் பிள்ளைகள் தங்களிடம் இருப்பதைக் குறைவாக எடை போடுகிறார்கள். அஞ்செட்டி, தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, மாரண்டஅள்ளி, பென்னாகரம் பக்கமிருந்து வருகிற பிள்ளைக்கு யானை புதிதில்லை. ராகி கதிர் பிடிக்கும் மாதங்களில் பன்னேர்கட்டா பக்கமிருந்து கூட்டம் இறங்கும் என்பது தெரியும். பரணில் உட்கார்ந்து தகர டப்பா தட்டியிருப்பார்கள். எந்தக் கொல்லையில் முதலில் நுழையும், எந்தக் கொல்லையைத் தொடாமல் போகும் என்று தாத்தா சொல்லக் கேட்டிருப்பார்கள். ஆய்வுக் கேள்வி அங்கிருந்துதான் பிறக்க வேண்டும். ஏன் அந்தக் கொல்லை, ஏன் இந்தக் கொல்லை இல்லை?

ஒரு உதாரணத்தை விரிவாகவே சொல்கிறேன். கென்யாவில் சாவோ கிழக்குத் தேசியப் பூங்காவை ஒட்டிய சகல்லா பகுதியில், யானைகளைத் தடுக்கத் தேன்கூட்டு வேலி அமைத்திருக்கிறார்கள். லூசி கிங் என்ற ஆய்வாளர், சேவ் தி எலிஃபன்ட்ஸ் அமைப்போடு சேர்ந்து பல ஆண்டுகளாக அதை வளர்த்தெடுத்தார். வயலைச் சுற்றிப் பத்து மீட்டருக்கு ஒன்றாகத் தேன்கூடுகளையும் இடையிடையே வெற்றுப் பலகைகளையும் தொங்கவிட்டு, எல்லாவற்றையும் ஒரே கம்பியால் இணைப்பார்கள். யானை கம்பியில் மோதினால் கூடுகள் வரிசையாக ஆடும், தேனீ வெளியே வரும். யானைக்குத் தேனீ என்றால் பயம். கண்ணைச் சுற்றியும் தும்பிக்கைக்குள்ளும் கொட்டினால் அதனால் தாங்க முடியாது. விவசாயிக்குத் தேனும் கிடைக்கும்.

இதைப் படித்தவுடன் "நம் ஊரிலும் வைக்கலாமே" என்று தோன்றும். அங்கே உள்ளது ஆப்பிரிக்கத் தேனீ, மூர்க்கமானது. நம் பெட்டித் தேனீ அவ்வளவு மூர்க்கம் கிடையாது. இலங்கையில் நம்முடைய வகைத் தேனீயை வைத்தே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வறட்சி வந்தால் தேனீ கூட்டைக் காலி செய்துவிடும் என்ற சிக்கலும் இருக்கிறது, நம் மாவட்டங்களுக்கு வறட்சி பழகிய விஷயம். அப்படியானால் கென்யாவுக்கோ இலங்கைக்கோ போகும் நம் மாணவர் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: எந்தக் கூட்டில் தேனீ தங்குகிறது, எதில் தங்குவதில்லை? நிழல், தண்ணீர் இருக்கும் தூரம், பக்கத்தில் பூக்கும் செடி, இதில் எது காரணம்? ஆறு வாரத்தில் அளந்துவிடக்கூடிய கேள்வி இது. விடை கிடைத்தால் அஞ்செட்டி விவசாயிக்கும் பயன்படும்.

யானை மட்டும்தான் என்றில்லை. புட்டன் தீவில் குரங்குகள் தோட்டத்தில் இறங்குகின்றன, தேன்கனிக்கோட்டை மாந்தோப்பில் நடப்பதோடு ஒப்பிடலாம். கினபாத்தாங்கானில் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் காடு நிற்கிறது. போர்னியோ யானை அந்தத் துண்டுகளுக்கு இடையே நடக்கிறது. ஓசூரைச் சுற்றி லேஅவுட்டும் தொழிற்சாலையும் வளர்வதைப் பார்த்த பிள்ளைக்கு அந்தக் காட்சி உடனே புரியும். நீர்நாய், முதலை என்று ஒகேனக்கல் ஆற்றோடு வளர்ந்தவர்கள் ஆறு சார்ந்த கேள்வியோடு போகலாம்.

புலி, ஒராங்குட்டான் மாதிரி பெரிய விலங்கைப் பற்றிச் செய்யக் கூடாதா?

செய்யலாம், ஆனால் ஆய்வேட்டுக்கு எண்ணிக்கை வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். விலங்கு கடந்தால் தானே படம் எடுக்கும் கேமரா ட்ராப் இருபதை முப்பது நாள் வைத்தால் அறுநூறு கேமரா-இரவுகள். கேட்கப் பெரிதாக இருக்கிறது. அத்தனை இரவிலும் அரிய விலங்கு ஒன்று மூன்று முறைதான் படத்தில் விழுந்தது என்றால், அதை வைத்து எந்தப் புள்ளியியல் சோதனையும் செய்ய முடியாது. இன்னொரு விஷயம், ஒரே கேமராவில் ஒரே இனம் அரை மணி நேரத்துக்குள் பத்து முறை வந்தாலும் வழக்கமாக அதை ஒரு பதிவாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஒரே பன்றி கேமரா முன்னால் கிழங்கு தோண்டிக்கொண்டு நின்றால் பத்துப் பன்றி ஆகிவிடாது இல்லையா.

நேர்கோட்டுப் பாதையில் நடந்து, விலங்கு எவ்வளவு தூரத்தில் தெரிந்தது என்று அளந்து அடர்த்தி கணக்கிடும் முறை ஒன்று இருக்கிறது. அதற்குக் குறைந்தது அறுபது முதல் எண்பது பார்வைகளாவது வேண்டும் என்பது அந்த முறையை வகுத்தவர்களே சொல்லும் அளவு. ஆறு வாரத்தில் அறுபது முறை கண்ணில் படும் விலங்கு எது என்று முகாமைக் கேளுங்கள். அது குரங்காகவோ அணிலாகவோ இருவாச்சியாகவோ இருக்கும். அதை எடுங்கள்.

நேரில் பார்க்க முடியாத விலங்குக்கும் வழி இருக்கிறது, தடயத்தைப் பாருங்கள். யானை ஓரிடத்தில் போடும் விட்டையில் பல உருண்டைகள் இருக்கும். சிதையாத ஒரு உருண்டையைச் சுற்றி டேப்பை வைத்து அளந்தால், போட்டது குட்டியா, பெரியதா என்று ஓரளவு சொல்லிவிடலாம். உள்ளே பிரித்துப் பார்த்தால் என்ன தின்றது என்று தெரியும்: நார், விதை, சில சமயம் பிளாஸ்டிக். விட்டை ஓடாது, கடிக்காது, இரவு வரை காத்திருக்கவும் வேண்டாம். முகம் சுளிக்காமல் குனிந்து உட்காரும் பிள்ளைக்குத் தகவல் கொட்டிக்கிடக்கிறது.

அங்கே எடுக்கும் தகவல் எனக்குச் சொந்தமா?

பொதுவாகக் குழுவுக்குச் சொந்தம், ஆய்வேட்டுக்குப் பயன்படுத்த உங்களுக்கு உரிமை. கட்டுரையாக வெளியிட அவர்கள் சம்மதம் வேண்டும். இதைப் பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்குங்கள்.

அதோடு இன்னொன்றையும் கேளுங்கள், பலருக்கும் கேட்கத் தோன்றுவதில்லை. அந்த முகாம் முந்தைய ஆண்டுகளில் எடுத்த தகவலை ஆய்வேட்டு மாணவருக்குத் தருவார்களா? ஆறு வாரத் தகவல் இன்றைய நிலையை மட்டும்தான் காட்டும். பத்து வருடப் பழைய பதிவுகளோடு அதைச் சேர்த்தால், பவளப்பாறையில் மீன் குறைந்ததா, காட்டில் பறவை கூடியதா என்று மாற்றத்தைப் பேசலாம். இந்தப் பயணங்களில் மதிப்பு மிக்க பொருள் அந்தப் பழைய பதிவேடுகள்தான் என்பது என் எண்ணம்.

விசா இருந்தால் போதாதா? அனுமதி என்று தனியாக எதற்கு?

விசா உங்களை நாட்டுக்குள் விடும். ஆய்வு செய்ய விடாது. கென்யாவுக்கு 2024 ஜனவரியிலிருந்து விசாவுக்குப் பதில் மின்னணுப் பயண அனுமதிதான். ஆனால் ஆய்வுக்கு அந்நாட்டின் அறிவியல் ஆணையமான நகோஸ்டியின் உரிமம் தனியாக வேண்டும். இந்தோனேசியாவில் 2019-ஆம் ஆண்டின் அறிவியல் தொழில்நுட்பச் சட்டத்துக்குப் பிறகு வெளிநாட்டு ஆய்வாளர்களுக்கான விதிகள் மிகவும் இறுகிவிட்டன. அனுமதிகளை இப்போது பிரின் என்ற தேசிய ஆய்வு முகமை பார்க்கிறது. சுற்றுலா விசாவில் போய் அங்கே தகவல் சேகரிப்பது குற்றம்.

பெரிய குழுக்கள் மொத்தமாக அனுமதி வாங்கி வைத்திருக்கும். அந்த அனுமதியில் உங்கள் பெயர் இருக்கிறதா, உங்கள் தலைப்பு அதன் வரம்புக்குள் வருகிறதா என்று நகலைக் கேட்டுப் பாருங்கள். நகலைக் காட்டத் தயங்கும் குழுவிடம் பணம் கட்டாதீர்கள்.

கிராமத்தாரிடம் பேட்டி எடுப்பதாக இருந்தால் மனிதர் சார்ந்த ஆய்வுக்கான நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். நம் கல்லூரியில் அப்படிக் குழு இல்லையென்றால் பயணத்தோடு இணைந்த பல்கலைக்கழகத்தின் குழு வழியாக வாங்கலாம்.

ஞாபகத்துக்கு ஒரு சிப்பி, ஒரு இறகு கொண்டுவரலாமா? ஆய்வுக்கு மாதிரி?

வேண்டாம். பவளம், இறகு, மண்டையோடு, ஆமை ஓடு, பதப்படுத்திய தவளை, எதுவும் வேண்டாம். அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை 1975-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. கடற்கரையில் செத்துக் கிடந்த பவளத்துண்டு என்றாலும் அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டினால் சிக்கல். நம் பக்கம் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. மரபணு மாதிரிகளுக்கு நகோயா ஒப்பந்தம் வரும். அதன்படி ஒரு நாட்டின் உயிர்வளம் அந்த நாட்டுக்கே உரியது, பலனில் பங்கு கொடுத்தாக வேண்டும். இங்கிருந்து மாதிரியை வெளியே எடுத்துப்போவதானாலும் சென்னையில் உள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் விதிகள் உண்டு. முதுகலை மாணவர் அங்கேயே அளந்து, அங்கேயே விட்டுவிட்டு, எண்களோடு மட்டும் திரும்புவது நல்லது.

இன்னொரு எச்சரிக்கை. வெளிநாட்டு முகாம்களில் செயற்கைக்கோள் போன் சகஜமாகக் கையில் இருக்கும். யாராவது பழையதை அன்பளிப்பாகக் கொடுத்தால் வாங்கிவராதீர்கள். முன்னனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவந்தால் விமான நிலையத்திலேயே பிடிப்பார்கள்.

எவ்வளவு செலவாகும்? உதவித்தொகை கிடைக்குமா?

விமானக் கட்டணம், பயணக் கட்டணம், விசா, தடுப்பூசி, காப்பீடு எல்லாம் சேர்ந்து சில லட்சங்களைத் தொடும். மறைக்காமல் சொல்கிறேன், மாங்காய் விற்ற காசிலும் ராகி விற்ற காசிலும் படிக்க வைக்கும் குடும்பத்துக்கு அது பெரிய தொகை. வெளிநாட்டுப் படிப்புக்கான அரசு உதவித்தொகைகள் பட்டப் படிப்புக்கானவை. சில வாரக் களப்பயணத்துக்குக் கிடைக்காது. வங்கிக் கல்விக் கடனும் அப்படித்தான். நகையை அடகு வைத்து இதற்குப் போகாதீர்கள். போகாததால் உங்கள் பட்டத்துக்கு எந்தக் குறையும் வராது.

குறைந்த செலவில் நிறைவேறும் வழிகளும் உண்டு. நேபாளத்துக்கு இந்தியருக்கு விசாவே வேண்டாம். 1973-இல் உருவான சித்வான் தேசியப் பூங்காவைச் சுற்றி யானை, காண்டாமிருகம், புலியோடு மக்கள் வாழ்கிறார்கள், கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. இலங்கைக்கு விமானச் செலவு குறைவு, பல இடங்களில் தமிழ் கைகொடுக்கும், உடவளவையும் வஸ்கமுவையும் யானை ஆய்வுக்குப் பேர்போனவை. நிலையத்தில் நேரடியாக உதவியாளராகச் சேர்ந்தால் தங்குமிடமும் சாப்பாடும் கொடுத்து வேலை வாங்கும் இடங்கள் இருக்கின்றன. அதற்கு ஒரு நேர்த்தியான மின்னஞ்சல் வேண்டும். "டியர் சார், ஐ ஆம் இன்டரஸ்டட் இன் வைல்டுலைஃப்" என்று தொடங்கும் கடிதம் குப்பைக்குப் போகும். அவர்களுடைய கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வியை முதல் வரியில் வையுங்கள்.

ஏமாற்று நிறுவனத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

விளம்பரப் படத்தைப் பாருங்கள். சிங்கக்குட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டோ, குரங்குக்குப் பால் புட்டி கொடுத்துக்கொண்டோ, யானை மேல் உட்கார்ந்தோ தன்னார்வலர்கள் சிரித்தால், அது பாதுகாப்பு வேலை கிடையாது. தென்னாப்பிரிக்காவில் சிங்கங்களை அடைத்து வளர்க்கும் பண்ணைகளில் குட்டியைக் கொஞ்ச வந்த தன்னார்வலர் கட்டிய பணம், அந்தப் பண்ணைகளை வளர்க்கத்தான் உதவியது. உண்மையான களநிலையத்தின் படங்களில் சேறு, நோட்டு, அளவு டேப், களைத்த முகங்கள் இருக்கும்.

அப்புறம், அங்கிருந்து வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியலையும் முன்பு ஆய்வேடு எழுதிய இரண்டு மாணவர்களின் மின்னஞ்சலையும் கேளுங்கள். நல்ல இடம் இரண்டையும் தயங்காமல் தரும்.

நோய் நொடி?

கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். கென்யா, பெரு மாதிரி மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளுக்குப் போகிறவர் அதற்கான தடுப்பூசியை அரசு அங்கீகரித்த மையத்தில் போட வேண்டும். பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட்டிருந்தால்தான் சான்றிதழ் செல்லும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் அங்கிருந்து திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். ஒருமுறை போட்டால் வாழ்நாள் முழுக்கச் செல்லும் என்று 2016-இலிருந்து விதி.

வௌவால், குரங்கு, நாய் கடிக்கு வாய்ப்புள்ள வேலை என்றால் வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்ளலாமா என்று கேளுங்கள். மலேரியா மாத்திரையும் மருத்துவர் சொன்னபடி. காப்பீடு எடுக்கும்போது, காட்டிலிருந்து மருத்துவமனைக்கு அவசரமாகக் கொண்டுபோகும் செலவு அதில் அடக்கமா என்று பாருங்கள். சாதாரண சுற்றுலாக் காப்பீட்டில் பெரும்பாலும் அது இருக்காது.

பெண் பிள்ளையைத் தனியாக அனுப்பலாமா?

இதை அப்பாக்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். கேட்கட்டும், அதில் தவறில்லை. அவர்களுக்கு நான் சொல்வது: முகாமில் பெண் பொறுப்பாளர் உண்டா, தங்குமிடம் தனியா, களத்துக்கு ஒருவரை மட்டும் அனுப்புவார்களா, அத்துமீறல் நடந்தால் யாரிடம் புகார் சொல்ல வேண்டும், இந்த நான்கையும் நீங்களே மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலை நீங்களே படியுங்கள். தெளிவான பதில் வந்தால் அனுப்புங்கள். காட்டுயிர் ஆய்வில் இன்று பெண்கள் நிறைந்திருக்கிறார்கள். மேலே சொன்ன தேன்கூட்டு வேலியே ஒரு பெண் செய்த வேலை. மகளுக்கு: மாதவிடாய்க்கு வேண்டியதை முழுக் காலத்துக்கும் கையோடு எடுத்துப் போ, முகாமில் கடை கிடையாது.

நான் தமிழ் மீடியம். ஆங்கிலம் தடுமாறும். சமாளிக்க முடியுமா?

முடியும். முகாமில் பாதிப் பேருக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழிதான். களக்குறிப்பைத் தமிழில் எழுதுங்கள், யாரும் தடுக்கமாட்டார்கள். காலை ஐந்தரைக்குப் பனியில் நின்று வேகமாக எழுதும்போது தாய்மொழியில்தான் நுணுக்கம் வரும். இனப்பெயர், நேரம், இடம், எண்ணிக்கை ஆகிய பத்திகளை மட்டும் குழுவின் படிவத்தில் உள்ளபடி ஆங்கிலத்தில் நிரப்பினால் போதும்.

ஆங்கிலத்தைவிட நம் பிள்ளைகளை அதிகம் தடுமாற வைப்பது புள்ளியியல். ஆர் என்ற இலவச மென்பொருளையும் வரைபடத்துக்கு க்யூஜிஸ்ஸையும் போகும் முன்பே பழகுங்கள். திரும்பி வந்து கற்றுக்கொள்ளலாம் என்று விட்டால், எடுக்க வேண்டிய ஒரு அளவை எடுக்காமல் வந்தது அப்போதுதான் தெரியும். திரும்பப் போக முடியாது.

என்ன எடுத்துப் போக வேண்டும்?

பென்சில். மழையில் பேனா மை கரைந்துவிடும், பென்சில் எழுத்து நிற்கும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நிறைய, கேமராவுக்கும் போனுக்கும். அட்டைக்கடிக்கு நீண்ட காலுறை. பைனாகுலர் வாங்கப் பணம் இல்லையென்றால் துறையில் இரவல் கேளுங்கள். ஒவ்வொரு மாலையும் நோட்டின் பக்கத்தைப் போட்டோ எடுத்து இரண்டு இடத்தில் சேமிப்பது வழக்கமாகட்டும். சைவச் சாப்பாடு கிடைக்கும், ஆனால் வாரக்கணக்கில் சோறும் பயறும்தான். ஊறுகாய், பருப்புப்பொடி எடுத்துப் போகலாம், அந்த நாட்டு விதி அனுமதிக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அங்குள்ள மக்களிடம் எப்படி நடந்துகொள்வது?

நம் ஊர்க் காட்டுக்கு வெளியாட்கள் வந்து, கேள்வி கேட்டு, படம் எடுத்து, போய்விட்டு, அப்புறம் ஒரு தாளும் அனுப்பாததை நாம் பார்த்திருக்கிறோம். அஞ்செட்டிப் பக்கத்து ஊரிகத்தில் உட்கார்ந்து பேட்டி கொடுத்த பெரியவர் எத்தனை பேர் அந்த ஆய்வின் முடிவைக் கண்டிருக்கிறார்கள்? சகல்லாவிலோ புட்டனிலோ அந்த வெளியாள் நீங்கள்தான்.

வயலில் நுழைய வீட்டுக்காரரிடம் கேளுங்கள். யானையால் ஆளை இழந்த வீட்டில் போனதும் பேட்டித் தாளை எடுக்காதீர்கள். உட்காருங்கள், அவர்கள் பேசட்டும். யானை மேல் உங்களுக்கு எவ்வளவு பாசம் என்று அங்கே சொல்ல வேண்டாம். உங்களோடு பாதை காட்ட வருபவருக்கு ஒவ்வொரு மரமும் பெயரோடு தெரியும், ஆய்வேட்டின் நன்றியுரையில் அவர் பெயர் முழுதாக இருக்க வேண்டும். உள்ளூர் மாணவர் ஒருவரோடு சேர்ந்து வேலை செய்தால், கட்டுரை வரும்போது அவர் பெயரும் சேர வேண்டும். முடிவை ஒரு பக்கத்தில் அவர்கள் மொழியில் எழுதி அனுப்பச் சொல்லி நான் வற்புறுத்துகிறேன். மொழிபெயர்த்துத் தர முகாமில் ஆள் இருப்பார்கள்.

திரும்பி வந்த பிறகு?

தகவல் மனதில் ஈரமாக இருக்கும்போதே, வந்த முதல் மாதத்தில், செய்முறைப் பகுதியை எழுதி முடித்துவிடுங்கள். எந்த ஓடையைத் தாண்டி எந்தத் திசையில் நடந்தீர்கள் என்பது ஆறு மாதத்தில் மறந்துவிடும். பெங்களூருவில் ஆண்டுதோறும் மாணவர்களுக்கென்றே நடக்கும் பாதுகாப்பு அறிவியல் மாநாட்டில் சுவரொட்டியாகவாவது முடிவை வையுங்கள். ஓசூரிலிருந்து பஸ் ஏறினால் போய்விடும் தூரம்தான். அங்கே உங்கள் வயதுக்காரர்கள் நாடெங்கிலுமிருந்து வருவார்கள்.

போகவே முடியவில்லை. என் ஆய்வேடு மட்டமாகிவிடுமா?

ஆகாது. காவிரி வடக்குக் காட்டுயிர்ச் சரணாலயம் 2014-இல் அறிவிக்கப்பட்டது, அதைத் தொடர்ந்து 2022-இல் காவிரி தெற்கு. இரண்டும் நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மண்ணில். நரைத்த பெரிய அணில், நீர்நாய், முதலை, யானை, சிறுத்தை எல்லாம் உண்டு. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன, குட்டிகள் தனியாக நின்றன. எந்தக் கிராமங்களில் அப்படி மின்சாரம் வைக்கிறார்கள், ஏன் வைக்கிறார்கள், இழப்பீடு வரத் தாமதமாவது அதற்குக் காரணமா, சூரிய மின்வேலி போட்ட ஊரில் நிலைமை வேறா? வெளிநாட்டு மாணவர் யாரும் வந்து கேட்க முடியாத கேள்விகள் இவை. பூட்டிய வாயை உங்கள் பேச்சுவழக்கு திறக்கும்.

சரணாலயத்துக்குள் ஆய்வு செய்ய வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவின்படி தலைமை வனவுயிர்க் காப்பாளரின் அனுமதி வேண்டும். கல்லூரி முதல்வர் வழியாக, ஆய்வுத் திட்டத்தோடு எழுதுங்கள், மாதங்கள் ஆகலாம். காட்டுக்கு வெளியே ராகிக் கொல்லைகளிலும் மாந்தோப்புகளிலும் சேதத்தை அளக்க நில உரிமையாளரின் சம்மதமும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் இருந்தால் தொடங்கிவிடலாம். அதனால் இரண்டையும் சேர்த்துத் திட்டமிடுங்கள்: விண்ணப்பத்தை ஜூனிலேயே அனுப்பிவிட்டு, அது நகரும்வரை கொல்லைகளில் வேலையைத் தொடங்கினால், கதிர் முற்றி யானை இறங்கும் மாதங்களில் வீட்டில் இருந்தபடியே முழுப் பருவத்தையும் பதிவு செய்யலாம். இரவில் மட்டும் பரணுக்குத் தனியாகப் போக வேண்டாம், ஊர்க்காரர்களோடு போங்கள்.